நாலு கால் சிலந்தியும் முசுறு வேடதாரியும்

கேள்வி (கோவை): செம்பருத்திச் செடியில் மஞ்சள் பட்டை போட்ட ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்குகிறது. நாலே கால்கள்தான் தெரிகின்றன. வலையில் யாரோ வெள்ளையில் பெருக்கல் குறி போட்டதுபோல இருக்கிறது. என்ன இது?

பதில்: கால்கள் எட்டும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டிரண்டாகச் சேர்த்து நீட்டிக்கொள்வது அதன் வழக்கம். கையெழுத்துச் சிலந்தி என்பார்கள், ஆர்ஜியோப் பேரினம். நம் தோட்டங்களில் அடிக்கடி தென்படுவது ஆர்ஜியோப் அனசுஜா, 1887இல் தோரெல் என்ற சிலந்தி ஆய்வாளர் பெயரிட்டது. அந்தக் குறியும் பட்டிழைதான், நெளிநெளியாக நெய்தது. எதற்கு என்பதில் வழக்கு இன்னும் தீரவில்லை. புற ஊதா ஒளியைக் காட்டிப் பூச்சிகளை இழுக்கிறது என்பது ஒரு கட்சி. பறவைகள் வலையைக் கிழித்துக்கொண்டு போகாமலிருக்க எச்சரிக்கை என்பது மறு கட்சி. என் வீட்டு முருங்கையில் இருந்த ஒன்று சில நாள் பெருக்கல் குறியின் நாலு கையும் போடும், சில நாள் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும். சோம்பலுக்கும் ஒரு கட்சி வைக்கலாம்!

கேள்வி (அவரே): வலையோரத்தில் பொடியாக, பழுப்பாக இன்னொன்று. குஞ்சா?

பதில்: பெரும்பாலும் மாப்பிள்ளை. ஆணின் உடல் பெண்ணில் பாதிகூட இராது. கூடும்போதே பெண் அதைத் தின்றுவிடுவதும் உண்டு.

கேள்வி (தஞ்சாவூர்): முதுகில் முள் முளைத்த சிலந்தி, வெள்ளைக் கோடுகளோடு. விஷமா?

பதில்: ஆறு முள் இருந்தால் அநேகமாகக் காஸ்டராகாந்தா ஜெமினாட்டா. உங்களை அது ஒன்றும் செய்யாது, விட்டுவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மாமரத்தில் ஒரு முசுறு எறும்பு நூல் விட்டுத் தொங்கியது. எறும்பு நூல் விடுமா?

பதில்: விடாது. நீங்கள் பார்த்தது முசுறு வேடம் போட்ட குதிக்கும் சிலந்தி. முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்புபோல ஆட்டும். ஆணின் தாடை நீண்டு, ஓர் எறும்பு இன்னொன்றைத் தூக்கிப்போவதுபோலவே தோன்றும். கடித்து அமிலம் பீச்சும் முசுறை யார் தொடுவார்கள்? அந்தப் பயத்தின் நிழலில் இது பிழைக்கிறது. சந்தேகம் வந்தால் காலை எண்ணுங்கள், நிறத்தை நம்பாதீர்கள்.

கேள்வி (திருச்சி): செடிமேல் பந்தல் போட்டதுபோல, கிடைமட்டமாக, கொசுவலை நெருக்கத்தில் ஒரு வலை. தொட்டால் ஒட்டவில்லை.

பதில்: கூடாரச் சிலந்தி, சிர்ட்டோபோரா. பசையை நம்பாத சிலந்தி இது. பந்தலுக்கு மேலே தாறுமாறாக இழுத்த இழைகளில் பூச்சி மோதிக் கீழே விழும். திருவானைக்காவில் லிங்கத்தின்மேல் சருகு விழாமல் விதானம் கட்டியதாகப் புராணம் சொல்லும் சிலந்தி எந்த இனம் என்று உங்கள் ஊர்க்காரர்கள் கேட்டால், என் ஓட்டு இதற்குத்தான்.

கேள்வி (சென்னை): காலையில் எழுந்தால் கழுத்தில் கோடு போட்டதுபோல எரிச்சல், கொப்புளம். எட்டுக்கால் பூச்சி ஏறியது என்கிறார் அம்மா.

பதில்: அம்மாவிடம் சிலந்திக்காக நான் வாதாடுகிறேன். இப்படிக் கோடாக வருவது பெரும்பாலும் பெடரஸ் வண்டின் வேலை. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும், செம்மஞ்சளும் கறுப்புமான ஒல்லி வண்டு. அது கடிப்பதில்லை, தூக்கத்தில் நாம் நசுக்கும்போது அதன் உடலில் உள்ள நஞ்சு தோலில் இழுபடுகிறது. சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கையைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். அடுத்த முறை மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளுங்கள்.