12 கொடுத்தும் தோல்வி, 41 கொடுத்தும் வெற்றி: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கேள்வி பதில்

கான்ஃபரன்ஸ் (கல்லூரிகள் சேர்ந்த ஒரு லீக்) ஆட்டங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: எதிரணிக்குக் கொடுக்கும் புள்ளிகளுக்கும் வெற்றிக்கும் என்ன தொடர்பு? கீழே உள்ள கூட்டல் எல்லாம் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின் ஸ்கோரை வைத்துப் போட்டது, கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியை அதில் சேர்க்கவில்லை.

கேள்வி: அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். குறைவாகப் புள்ளி கொடுக்கும் அணிதான் ஜெயிக்குமா?

பெரும்பாலும் ஆமாம். 2021-இல் ஜார்ஜியா, எஸ்இசி என்ற கான்ஃபரன்ஸில் 8 ஆட்டம் ஆடி, எட்டிலும் சேர்த்தே 66 புள்ளிதான் கொடுத்தது, எட்டும் வெற்றி. ஆனால் 2019-இல் அதே கான்ஃபரன்ஸில் எல்எஸ்யூவும் (லூசியானா ஸ்டேட்) எட்டுக்கு எட்டு ஜெயித்தது, அவர்கள் கொடுத்தது 204 புள்ளி, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். அலபாமாவுக்கு 41 கொடுத்துவிட்டு 46 அடித்தார்கள். ஜோ பரோ குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இருந்த அணி எட்டு ஆட்டத்தில் 377 அடித்தது, அப்புறம் கொடுத்ததைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கொடுத்த புள்ளியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் அது பாதிக் கணக்கு.

கேள்வி: நான் அயோவாவில் படிக்கிறேன். 2023-இல் எங்கள் டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் ஆட்டக்காரர்கள்) அவ்வளவு கெட்டி. ஆனாலும் பாதி ஆட்டங்கள் கடைசி நிமிடம் வரை வயிற்றைக் கலக்கின. ஏன்?

நீங்கள் அடிக்கவே இல்லையே, தம்பி! உங்கள் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் 9 ஆட்டம், அடித்தது 131, கொடுத்தது 109. அந்த 109-லும் 31 பென் ஸ்டேட்டுக்கு ஒரே நாளில் போனது. அதை விட்டால் மற்ற எட்டு ஆட்டத்தில் 78தான், ஆட்டத்துக்குப் பத்துகூட இல்லை. பயிற்சியாளர் ஃபில் பார்க்கரின் டிஃபென்ஸுக்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். டோரி டெய்லரின் பன்ட்டையும் (பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விடுவது) சேர்த்துச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் எதிரணியை அவர்கள் பக்கத்து மூலையிலேயே கொண்டுபோய் நிறுத்தினார், அதுவும் புள்ளியைத் தடுக்கிற வேலைதான்.

ஆனால் இரு பக்கமும் புள்ளி குறைவாக இருந்தால் வித்தியாசமும் குறைவாகத்தான் இருக்கும். அப்போது ஒரு உதை, ஒரு விசில் ஆட்டத்தைத் தீர்மானித்துவிடும். நார்த்வெஸ்டர்னை 10-7, இல்லினாயை 15-13, நெப்ராஸ்காவை 13-10 என்று ஜெயித்தீர்கள். மினசோட்டாவிடம் 12-10 என்று தோற்றீர்கள், அதில் கூப்பர் டிஜீன் பன்ட்டைப் பிடித்து ஓடி அடித்த டச்டவுனை (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது), அதற்கு முன் கையை அசைத்தார், அப்படி அசைத்தால் ஓடக் கூடாது என்று நடுவர்கள் ரத்து செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அடித்த புள்ளிகளின் வர்க்கத்தை, அடித்தது கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள், ஜெயித்திருக்க வேண்டிய பங்கு கிடைக்கும். அயோவாவுக்கு அது 9-இல் ஐந்து சொச்சம். ஜெயித்தது 7. அந்த இடைவெளியில் உழைப்பும் இருக்கிறது, அதிர்ஷ்டமும் இருக்கிறது. இறுதிப்போட்டியில் மிச்சிகன் 26-0 என்று முடித்தபோது அடிக்காத குறை அப்படியே வெளியே வந்தது.

கேள்வி: என் மகள் நெப்ராஸ்காவில் படித்தபோது 2021-இல் கான்ஃபரன்ஸில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தார்கள். அவ்வளவு மோசமான அணியா?

இல்லவே இல்லை அக்கா, எனக்கு மிகவும் வருத்தம் தந்த அணி அது. பிக் டென்னில் அடித்தது 239, கொடுத்தது 239. அச்சு அசல் சமம்! சமமாக இருந்தால் நான்கு ஐந்து ஆட்டம் கையில் இருக்க வேண்டும், கிடைத்ததோ 1-8, அதாவது ஒரு வெற்றி, எட்டுத் தோல்வி. காரணம், நார்த்வெஸ்டர்னை மட்டும் 56-7 என்று அடித்துத் துவைத்தார்கள், மற்ற எட்டையும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் விட்டார்கள். மிச்சிகனிடம் 3, ஓஹாயோ ஸ்டேட்டிடம் 9. ஒரே ஒரு பெரிய வெற்றி மொத்தக் கூட்டலையும் தூக்கிவிடும், அதனால் மொத்தத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு ஸ்கோரையும் தனியாகப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: டிஃபென்ஸைச் சரி செய்தால் வெற்றி தானாக வருமா? யூஎஸ்சியை (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) வைத்துக் கேட்கிறேன்.

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 2023-இல் யூஎஸ்சி பேக்-12 கான்ஃபரன்ஸில் 9 ஆட்டத்தில் 329 கொடுத்தது, ஆட்டத்துக்கு 36.6. வாஷிங்டனிடம் 52-42 என்று தோற்றதும் டிஃபென்ஸ் பயிற்சியாளர் அலெக்ஸ் கிரிஞ்சை நீக்கினார்கள். அடுத்த ஆண்டு அவர் இடத்துக்கு டி'ஆன்டன் லின் வந்தார், அணி பிக் டென்னுக்கு மாறியது, 9 ஆட்டத்தில் கொடுத்தது 213, சராசரி 23.7. ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 13 புள்ளி மிச்சம். பிரமாதம் அல்லவா? ஆனால் முடிவு 5-4-இலிருந்து 4-5 ஆனது.

குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போய்விட்டார், அடித்த புள்ளியும் 360-இலிருந்து 247-க்கு இறங்கிவிட்டது. வித்தியாசம் 2023-இல் 31, 2024-இல் 34. இரண்டு ஆண்டும் ஏறக்குறைய ஒரே தரம்தான், வழி மட்டும் வேறு. 2024-இல் தோற்ற ஐந்தும் 7 புள்ளிக்குள், மேரிலாண்டிடம் ஒரே ஒரு புள்ளி. லின் வேலையைச் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கேள்வி: கொடுத்த புள்ளி என்றால் எல்லாமே டிஃபென்ஸின் தவறா?

கிடையாது. 2021 எஸ்இசி இறுதிப்போட்டியில் ஜார்ஜியா அலபாமாவுக்கு 41 கொடுத்தது. அதில் ஒரு டச்டவுன் அலபாமாவின் ஜோர்டன் பேட்டில், ஜார்ஜியா எறிந்த பந்தை நடுவிலேயே பறித்து (இன்டர்செப்ஷன்) ஓடி அடித்தது, அந்த நேரத்தில் ஜார்ஜியாவின் டிஃபென்ஸ் களத்திலேயே இல்லை.

ஓவர்டைம் இன்னும் மோசம். 2018-இல் எல்எஸ்யூ, டெக்சாஸ் ஏ&எம் ஆட்டம் முறையான நேரத்தில் 31-31, ஏழு ஓவர்டைமுக்குப் பிறகு 74-72 என்று ஏ&எம் ஜெயித்தது. எல்எஸ்யூவின் எட்டு ஆட்டச் சராசரி 20 ஆக இருந்திருக்க வேண்டியது, இந்த ஒரே இரவால் 25.4 ஆனது. இப்போது மூன்றாவது ஓவர்டைமிலிருந்து இரண்டு புள்ளி முயற்சி மட்டும் என்பதால் அந்த அளவுக்கு வீங்குவதில்லை.

கேள்வி: ஏன் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை மட்டும் எடுக்கிறீர்கள்?

செப்டம்பரில் பணம் கொடுத்து வரவழைக்கும் சின்னக் கல்லூரிகளோடு ஆடும் ஆட்டங்கள் சராசரியை அழகாகக் காட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஐபிஎல்லில் நெட் ரன் ரேட் போல இங்கே புள்ளி வித்தியாசம் இடத்தைத் தீர்மானிக்குமா?

முதலில் வராது. இரண்டு அணி சமமாக இருந்தால் நேருக்கு நேர் யார் ஜெயித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள், அப்புறம் பொது எதிரிகள். எஸ்இசியில் இன்னும் கீழே போனால் புள்ளி வித்தியாசம் ஒரு வரம்போடு வருகிறது, அதுவும் அந்த எதிரணி மற்றவர்களிடம் வழக்கமாக எப்படி ஆடுகிறது என்பதோடு ஒப்பிட்டு.

கேள்வி: பருவத்தின் நடுவில் எதைப் பார்த்தால் ஒரு அணியை எடை போடலாம்?

நான்கு கான்ஃபரன்ஸ் ஆட்டமாவது முடியட்டும். அடித்தது, கொடுத்தது இரண்டையும் கூட்டி வித்தியாசம் எடுங்கள், 7 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களைத் தனியாக எழுதுங்கள். வேகமாக ஆடும் அணிக்கு டிரைவ் (பந்து கையில் கிடைத்ததிலிருந்து விடும் வரை ஒரு அணி ஆடுவது) அதிகம், அதனால் கொடுப்பதும் அதிகமாகத் தெரியும், ஒரு டிரைவுக்கு எத்தனை என்று பார்த்தால்தான் நியாயம். 2023-இல் முதல் டவுனுக்குப் (பத்து கெஜம் முன்னேறிப் புதிய வாய்ப்புகளைப் பெறுவது) பிறகும் கடிகாரம் ஓடட்டும் என்று விதி மாறியது, அரைப்பகுதிகளின் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் விலக்கு. கடிகாரம் நிற்காவிட்டால் டிரைவும் குறையும், ஆகவே பழைய ஆண்டுகளின் சராசரியோடு இப்போதையதை அப்படியே ஒப்பிடாதீர்கள்.