தலைக்காவிரிக்குப் போகும் வண்டி யாருடையது?

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் மயிலாடுதுறை. பங்குனியில் காரைக்காலில் ஒரு புரோக்கர் மூலம் பழைய 350 சி.சி. பைக் வாங்கினேன். பி.ஒய். 02 நம்பர், அதாவது புதுச்சேரிப் பதிவு. ஆர்.சி. இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. பெயர் மாற்றத்துக்காக அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த 29, 30 படிவங்கள் என்னிடம் உள்ளன. இன்சூரன்ஸ் பிப்ரவரி வரை இருக்கிறது. ஐப்பசி முதல் தேதி தலைக்காவிரியில் இருக்கும்படி, எங்கள் ஊர்த் துலாக்கட்டத்திலிருந்து காவிரியை ஒட்டியே தனியாக ஐந்து நாள் பயணம் போக ஆசை. பெயர் மாற்றத்தைத் திரும்பி வந்து செய்துகொள்ளலாமா? வழியில் ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா? கர்நாடகத்துக்குள் நுழைய ‘வெளிமாநில பர்மிட்’ எடுத்துத் தருவதாகப் புரோக்கர் 3,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? அசல் ஆர்.சி.யைக் கையில் வைத்திருக்க வேண்டுமா?

பதில்: பர்மிட் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் 3,500 ரூபாய் இன்னும் உங்கள் பையில்தான் இருக்கிறது. கொடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வாகனம் வேறு மாநிலத்துக்குள் போக எந்த பர்மிட்டும் தேவையில்லை. நாகூர் தர்காவுக்குப் போகும்போது காரைக்காலைக் கடந்துதானே போகிறீர்கள்? திருநள்ளாற்றுக்குச் சனிப்பெயர்ச்சியன்று போகிற ஆயிரக்கணக்கான பைக்குகளில் எது பர்மிட் வாங்கியது? அதுவும் வேறு அரசாங்கத்தின் எல்லைதான். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கேட்கிறார்கள்; அது இலவசம், நீங்களே கைபேசியில் எடுத்துவிடலாம், உங்கள் பாதையில் அந்த இரண்டு ஊர்களும் இல்லை. இந்த இ-பாஸைக் காட்டித்தான் சில புரோக்கர்கள் ‘பர்மிட்’ கதை கட்டுகிறார்கள். பணம் கொடுத்தால் ஒரு காகிதமும் தருவார்கள், ரப்பர் ஸ்டாம்ப்கூட இருக்கும். எந்த சோதனைச் சாவடியிலும் அதை யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் அது போலி என்பது உங்களுக்குத் தெரியவே வராது. அந்த வியாபாரத்தின் சூட்சுமமே அதுதான்.

இப்போது உண்மையான கவலைக்கு வருவோம். பெயர் மாற்றாமல் போகாதீர்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகள் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இந்த டெல்டாவின் வளைவுகளில் நொறுங்கிய வண்டிகளை அளந்து எழுதியவன் நான்; கொஞ்சம் கோபம் கலந்துதான் சொல்வேன்.

நீங்கள் ‘இன்சூரன்ஸ் இருக்கிறது’ என்று ஒரே பொருளாகச் சொல்கிறீர்கள். அந்த ஒரு தாளுக்குள் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்பு, அதாவது தேர்டு பார்ட்டி, முதலாவது. வண்டிக்கு ஏற்படும் சேதம் இரண்டாவது. வண்டி ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு மூன்றாவது.

முதலாவதைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 157-இன்படி வண்டி கை மாறினால் தேர்டு பார்ட்டி பாதுகாப்பும் வண்டியோடு போய்விட்டதாகவே கருதப்படும். ஆனால் வழக்கு என்று வந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கர்நாடகத்துக் கொள்ளேகாலில் நீங்கள் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் காரைக்காலில் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருக்கும் அந்த மனிதருக்குப் போகும். இதை அவரிடம் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு ஒத்துழைக்க அவரே ஓடி வருவார்.

இரண்டாவது, வண்டிச் சேதம். இங்கே பிரிவு 157 கை கொடுக்காது. வண்டி கை மாறிய 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். நீங்கள் மாற்றவில்லை. வண்டியை விற்றுவிட்ட பழைய உரிமையாளருக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு நிறுவனத்தோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. நடுவில் வண்டி மட்டும் நொறுங்கிக் கிடக்கும்.

இந்த இடத்தில் புரோக்கர் காதில் ஒன்று ஓதுவார்: “இரவல் வாங்கி ஓட்டினேன் என்று சொல்லிவிடுங்கள் சார், ஓனர் பெயரிலேயே க்ளெய்ம் போட்டுவிடலாம்.” இரவல் வண்டிக்குச் சேத இழப்பீடு உண்டு என்பது உண்மைதான், உரிமையாளர் சம்மதத்தோடு, லைசென்ஸ் உள்ளவர் ஓட்டினால் போதும். ஆனால் நீங்கள் இரவல் வாங்கவில்லை. பணம் போன கணக்கு வங்கியில் இருக்கிறது, கையெழுத்தான 29, 30 உங்கள் பெட்டியில் இருக்கிறது. க்ளெய்ம் படிவத்தில் பொய் எழுதினால் கிடைக்க வேண்டியதும் கிடைக்காது, அதற்கு மேல் வம்பு வேறு. மாட்டிக்கொள்ளப்போவது நீங்கள், ஓதிய ஆள் அதற்குள் இன்னும் நாலு வண்டி விற்றிருப்பார்.

மூன்றாவதுதான் தனியாகப் போகிறவருக்கு முக்கியம். தனியாக ஓட்டினால் விழப்போவது நீங்கள் ஒருவர்தான். உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாய விபத்துக் காப்பு 2018 முதல் 15 லட்சம் ரூபாய். இது யாருக்கு? ஆர்.சி.யில் பெயர் இருக்க வேண்டும், அதே பெயர் பாலிசியில் இருக்க வேண்டும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். மூன்றில் முதல் இரண்டு உங்களிடம் இல்லை. பழைய உரிமையாளர் அந்த வண்டியில் விழுந்தால்தான் 15 லட்சம். அவர் அந்த வண்டியில் ஏறப்போவதே இல்லை.

நீடாமங்கலம் பக்கம் ஒரு வளைவு. அறுவடைக் காலம், சாலையில் பாதிக்கு நெல் காய்கிறது, இரவில் அதன் மேல் கறுப்புத் தார்ப்பாய். நம் பக்கத்துச் சாலைகளை அறிந்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தாறு வயதுப் பையன். வண்டி வாங்கி ஏழு மாதம். அவனுடைய அம்மா ஒரு மஞ்சள் பையில் எல்லாக் காகிதங்களையும் கொண்டுவந்து என் எதிரே வைத்தார். பாலிசி காலாவதியாகவில்லை. லைசென்ஸ் சரி. 29, 30 மடிப்புக் கலையாமல் இருந்தன, தேதி போடாமல். அந்தக் காகிதங்களை வைத்துக்கொண்டு நான் என்ன எழுத முடியும்? எழுதியதைத்தான் எழுதினேன்.

உங்களைப் போன்றவர்கள் சொல்லும் இன்னொரு சமாதானம்: “வேறு மாநில வண்டியை 12 மாதம் வைத்திருக்கலாம் என்கிறார்களே?” அந்த 12 மாதம் நம்பர் பலகைக்கு. பிரிவு 47. வண்டியின் பதிவு எண்ணைத் தமிழ்நாட்டு எண்ணாக மாற்ற அவ்வளவு காலம். பெயருக்கு அல்ல. வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியது 30 நாட்களுக்குள், பிரிவு 50. இந்த இரண்டையும் குழப்பித்தான் டெல்டா முழுக்கப் பி.ஒய். 02 வண்டிகள் யாரோ ஒருவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, எப்படி மாற்றுவது? முதலில் காரைக்கால் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 28. அதில் சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து ஒட்ட வேண்டும். அதை நீங்களே உங்கள் கையால் தேய்த்து எடுங்கள், புரோக்கர் கொண்டுவரும் அச்சை நம்பாதீர்கள், ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று உங்களுக்குத் தெரிய அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. ஆர்.சி.யில் ஏதாவது ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். “கடன் முடிந்துவிட்டது” என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. நிறுவனத்தின் கடிதமும் கையெழுத்தான படிவம் 35-உம் வேண்டும்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். ஓ.டி.பி. பழைய உரிமையாளரின் கைபேசிக்குத்தான் போகும். புரோக்கர் உங்களிடம் தந்த கையெழுத்துக் காகிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு காரியம் நடக்காததற்கு இதுவே காரணம். நேரே அந்த மனிதரின் வீட்டுக்குப் போங்கள், அவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். நடுவில் ஆள் வேண்டாம்.

சான்று கையில் வந்ததும் மயிலாடுதுறையில் படிவம் 27, 29, 30 கொடுத்து, ஆயுட்கால வரி கட்டி, வண்டியைக் காட்டிவிட்டு, டி.என். 82 எண்ணும் உங்கள் பெயரும் வாங்க வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே கணினி. கும்பகோணத்தில் பார்த்த அதே அரசலாறுதான் காரைக்காலில் கடலில் கலக்கிறது. தண்ணீர் எல்லையைக் கேட்காமல் போகிறது. ஒரு பைக்கின் பெயர் அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு அலுவலகம், இரண்டு கட்டணம், எத்தனையோ நடை. தடையில்லாச் சான்றைப் பற்றிச் சட்டத்தில் ஓர் அழகான வரி உண்டு: 30 நாட்களுக்குள் தருகிறோம் என்றோ மறுக்கிறோம் என்றோ சொல்லாவிட்டால் தரப்பட்டதாகவே கருத வேண்டும். இந்த வரியை அச்செடுத்துக்கொண்டு எந்த ஊர்க் கவுன்ட்டரிலாவது போய் நின்று பாருங்கள். “கருதிக்கொள்ளுங்கள், ஆனால் சான்று இல்லாமல் இங்கே எடுக்க முடியாது” என்பார்கள். சட்டம் எழுதியவர் கவுன்ட்டரில் நின்றதில்லை. இந்தச் சலிப்பில்தான் புரோக்கருக்குச் சோறு கிடைக்கிறது.

ஆனாலும் உங்களுக்குக் காலம் இருக்கிறது. ஆடி இப்போதுதான் பிறந்திருக்கிறது.

பெயர் மாறியதும் நிறுவனத்துக்கு எழுதி, புதிய பெயரையும் புதிய எண்ணையும் பாலிசியில் ஏற்றுங்கள். பழைய உரிமையாளர் விபத்தில்லாமல் ஓட்டிச் சேர்த்த தள்ளுபடி அவருடையது. வண்டியோடு உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தை உங்களிடம் வசூலிப்பார்கள். அது நியாயம்தான், சண்டை போடாதீர்கள். 15 லட்சக் காப்பு உங்கள் பெயரில் சேர்ந்திருக்கிறதா என்று அந்தத் தாளில் ஒரு முறைக்கு இரண்டு முறை பாருங்கள். சில நூறு ரூபாய்தான். அதைச் சேர்க்காமல் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது சில ஏஜென்ட்டுகளின் பழைய வித்தை.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். வண்டியோடு சேராத, உங்கள் பெயரில் தனியாக எடுத்த தனிநபர் விபத்துக் காப்பு பாலிசி இருந்தால், அது ஆளைத் தொடர்கிறது, வண்டியைத் தொடர்வதில்லை. நீங்கள் இரவல் சைக்கிளில் போனாலும், பஸ்ஸில் போனாலும், இந்த பி.ஒய். 02 பைக்கில் போனாலும், பாலிசியின் விலக்குகளுக்கு உட்பட்டு அது நிற்கும். வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு தரும் பிரதமரின் விபத்துக் காப்புத் திட்டமும் இந்த வகைதான். மரணத்துக்கு 2 லட்சம். பாஸ்புக்கில் அந்த 20 ரூபாய் இந்த ஆண்டும் போயிருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் பணம் இல்லாத நாளில் பிடிக்க முயன்று விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். ஆனால் உங்கள் வீட்டு ஸ்கூட்டர் பாலிசியில் உள்ள 15 லட்சக் காப்பு இதில் சேராது. ஸ்கூட்டர் உங்கள் பெயரில் இருப்பதால் அந்தக் காப்பு இந்த பைக்குக்கும் பொருந்தும் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் உரிமையாளராக உள்ள வண்டிகளுக்குத்தான் பொருந்தும்; இந்த பைக்குக்கு நீங்கள் காகிதத்தில் உரிமையாளர் இல்லை. ஆக, மீண்டும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோம். இன்னொன்று: இந்தக் கட்டாயக் காப்பு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தால் ஒரு பைசா வராது. அதற்கு மருத்துவக் காப்பீடு வேறு.

அசல் ஆர்.சி. வேண்டியதில்லை. அரசின் கைபேசிச் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் செல்லும். வெறும் ஜெராக்ஸ் செல்லாது. ஆனால் டிஜிலாக்கரில் வேறொருவர் பெயரில் உள்ள ஆர்.சி. உங்கள் கணக்கில் வராது, பார்த்துக்கொள்ளுங்கள். புகைப் பரிசோதனைச் சான்றும் காலாவதியாகாமல் இருக்கட்டும்.

பாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. மேட்டூர் தாண்டி மாதேஸ்வரன் மலை வழியாகப் போவதாக இருந்தால் காட்டுச் சாலையை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் பைக்குக்குக் கட்டணம் இல்லை. பாகமண்டலத்துக்கு மேலே மூடுபனி. ஐப்பசி முதல் தேதி கூட்டமும் இருக்கும்.

ஒருவேளை காகிதம் வந்து சேர ஐப்பசி தாண்டிவிட்டால்? தலைக்காவிரித் தீர்த்தம் அடுத்த ஆண்டும் பொங்கும். நம்மூர்க்காரருக்குத் தெரியாததா, ஐப்பசி முழுக்குத் தவறியவருக்குக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு உண்டு. பாலிசியில் அப்படி ஒரு நாள் கிடையாது. ஆடிப்பெருக்குக்கு முன் படிவம் 28-ஐக் கொடுத்துவிடுங்கள்.