டிம் ரஸ்ஸர்ட் பத்தி என்ன எழுதறது?

கேள்வி: அக்கா, நான் நியூயார்க் மாநிலத்துல இருக்கற பஃபலோவுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகுது. ஜூன் 13, இந்த ஊர்க்காரரான டிவி பத்திரிகையாளர் டிம் ரஸ்ஸர்ட் நினைவுநாளுக்கு எங்க பங்கு இதழ்ல ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்காங்க. "பக்தியான கத்தோலிக்கர், நேர்மையான பத்திரிகையாளர், சேசு சபை ஸ்கூல்ல படிச்சவர்"னு எழுதினா சப்புன்னு இருக்கு, யாருக்கு வேணா பொருந்தும். எப்படி எழுதலாம்?

பதில்: தம்பி, அந்த மூணையும் மொதல்ல அழிச்சிடுங்க. பக்தின்னு சொல்றதுக்கு பதிலா, 1985ல மகன் பிறக்கறப்ப குழந்தை நல்லபடியா பிறந்தா ஞாயித்துக்கெழம பூசைய விடவே மாட்டேன்னு அவர் நேந்துக்கிட்டத எழுதுங்க, அப்புறம் அவருக்கு அமைஞ்ச வேலையே ஞாயித்துக்கெழம காலைல என்பிசி டிவில 'மீட் தி பிரஸ்'ங்கற அரசியல் பேட்டி ஷோ நடத்தற வேலைங்கறதையும் சேத்து எழுதுங்க, படிக்கறவங்களே புரிஞ்சுப்பாங்க.

சவுத் பஃபலோ வீட்ட விட்டுடாதீங்க. அப்பா குப்பை அள்ற வேலையும் பாத்து, பேப்பர் ஏத்தற வண்டியும் ஓட்டினவர். வாய் ஓயாத இந்தப் பையன ஏழாங்கிளாஸ்ல ஸ்கூல் பத்திரிகைக்கு ஆசிரியராக்கி விட்டது லூசில்னு ஒரு சிஸ்டர். அப்புறம்தான் கனீசியஸ் ஹைஸ்கூல், அங்க ஒழுங்கு பாத்துக்கிட்ட ஃபாதர் ஸ்டர்ம்கிட்ட கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடாதான்னு கேட்டதுக்கு, இரக்கம் கடவுளோட வேலை, நான் நீதி வழங்கறவன்னு சொன்னாராம். அதுக்கப்புறம் கிளீவ்லாண்ட் பக்கம் ஜான் கேரல் யுனிவர்சிட்டி, அதுவும் சேசு சபையோடதுதான்.

இந்தப் படிப்பு எங்க தெரிஞ்சதுன்னு கேட்டா நான் அவரோட ஹோம்வொர்க்லன்னுதான் சொல்வேன். எதிர்ல ஒக்காந்திருக்கறவர் என்ன நம்புறார்னு முழுசா படி, அப்புறம் அதுக்கு எதிர்ப்பக்கம் நின்னு கேளுன்னு அந்த ஷோவ ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான லாரன்ஸ் ஸ்பைவாக் சொல்லிக்கொடுத்தத 1991லேர்ந்து கிட்டத்தட்ட 17 வருஷம் அப்படியே செஞ்சார். மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க என்ன சொன்னீங்கன்னு வந்தவரோட சொந்த வார்த்தையவே ஸ்கிரீன்ல போட்டுக் காட்டி, இப்ப ஏன் மாத்திப் பேசறீங்கன்னு கத்தாம கேப்பார், எந்தக் கட்சின்னு பாக்காம. எதிராளியோட வாதத்த அவனவிட நல்லா தெரிஞ்சுக்கிட்டு வந்து பேசற பழக்கம் அது. எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது இதுதான். 2000 ஜனாதிபதி எலெக்ஷன் ராத்திரி, முடிவு அந்த ஒரு மாநிலத்துலதான் இருக்குன்னு சின்ன வெள்ளை போர்டுல ஃப்ளோரிடான்னு மூணு தடவ எழுதினத எல்லாரும் சொல்வாங்க, அதுக்கு ஒரு வரி போதும்.

குறையும் எழுதணும் தம்பி. 2002 செப்டம்பர்ல அப்போதைய துணை ஜனாதிபதி செனி இவர் ஷோவுக்கு வந்து இராக்கால ஆபத்துன்னு பேசினப்ப இவர் இன்னும் மடக்கிக் கேட்டிருக்கணும்னு இன்னிக்கும் வருத்தப்படறவங்க இருக்காங்க, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மத்தவங்க பழைய பேச்ச எடுத்து வச்சவருக்கு நாமளும் அதே மரியாதைய செய்யணும்ல.

2008ல வாஷிங்டன் ஆபீஸ்லயே, அந்த வார ஷோவுக்கு ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தப்ப மாரடைப்பு, வயசு 58தான். ஜார்ஜ்டவுன் ஹோலி டிரினிடி கோயில்ல அடக்கப் பூசை நடந்தப்ப, அப்போ ஜனாதிபதி எலெக்ஷன்ல எதிரெதிரா நின்ன ஒபாமாவும் மெக்கெய்னும் குடும்பத்தார் கேட்டுக்கிட்டதால பக்கத்துல பக்கத்துல ஒக்காந்தாங்க. இந்த வாரம் பூசை முடிஞ்சதும் காபி குடிக்க நிக்கற பெரியவங்க ரெண்டு பேர்கிட்ட அவர் பேர மட்டும் சொல்லுங்க, அவர் உசுரா நேசிச்ச பஃபலோ பில்ஸ் ஃபுட்பால் டீம்லேர்ந்து ஆரம்பிப்பாங்க, நோட்டு எடுத்துட்டுப் போங்க.