மனந்திரும்புதல் யார் செயல்?

கேள்வி: மனந்திரும்புதலைக் கடவுளே அருளுகிறார் என்கிறார்கள். அப்படியானால் மனிதனின் சுயாதீன சித்தத்துக்கு என்ன வேலை?

பதில்: வேதாகமம் இரண்டையும் சொல்கிறது. அப்போஸ்தலர் 11:18இல் அது தேவன் அருளியது. 17:30இல் எல்லா மனுஷருக்கும் இடப்பட்ட கட்டளை. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தபடி, அருளே முதலில் தொடுகிறது. மனிதன் அதற்கு இசையலாம், மறுக்கவும் செய்யலாம். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரோ 1525இலேயே, பாவத்துக்கு அடிமையான சித்தம் தானாகக் கடவுளிடம் திரும்பாது என்று வாதிட்டிருந்தார். அருளின்றி முடியாது என்பதில் இரு தரப்புக்கும் பேதமில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை.

நாம் இடறுவது பெரும்பாலும் வேறிடத்தில். அழுதுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டான், அதற்காக வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் கொடுத்தான். ஆனால் இயேசுவிடம் திரும்பவில்லை. மத்தேயு அங்கே எழுதும் கிரேக்கச் சொல் 'மெட்டாமெலோமாய்', அதாவது வருந்துதல். மனந்திரும்புதலைக் குறிக்கும் 'மெட்டனோயா' என்பதோ மனமே மாறுவது. வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு, தருவதாகச் சொன்னான்.

ஆகவே பாவத்தைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். 'என் பாவங்கள் எல்லாம்' என்று பொதுவாய்ச் சொன்னால், எதை விடவேண்டும் என்பதே மறைந்துவிடும். பறித்த பணமானால் இந்த வாரமே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள்.