மெம்பர் மாறிவிட்டார், ஐந்து வருடம் பொறுக்க வேண்டுமா?

கேள்வி: கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் தமிழர்கள் நாங்கள். காலில் விழாத குறையாக ஓட்டுக் கேட்ட வார்டு மெம்பர், ஜெயித்தபின் வீட்டு உதவி, ஆடு வளர்ப்பு உதவி எல்லாவற்றையும் தன் ஆட்களுக்கே எழுதுகிறார். அடுத்த தேர்தல் வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

பதில்: வேண்டாம். ஆனால் மெம்பரைத் திரும்ப அழைக்கும் உரிமை, அதாவது பதவிக்காலம் முடியுமுன் வாக்காளர்களே அவரை நீக்கும் உரிமை, கேரளத்தில் கிடையாது. நம்பிக்கையில்லாத் தீர்மானமும் தலைவர் போன்ற பதவிக்காரர்கள் மேல்தான், அதையும் சக மெம்பர்களே கொண்டுவர வேண்டும். அதனால் அந்தப் பக்கம் அலைய வேண்டாம்.

உங்கள் பிடி கிராம சபையில் இருக்கிறது. 1994 கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டம், யார் பதவிக்கு வந்தாலும் கை நீளும் என்று எதிர்பார்த்தே எழுதப்பட்டது போல இருக்கும். பயனாளிகளை முன்னுரிமை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது கிராம சபை. அந்த வரிசையை மாற்ற பஞ்சாயத்துக் கமிட்டிக்கே அதிகாரம் இல்லை. வார்டின் வாக்காளர் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள். மெம்பர் அதைக் கூட்டும் கன்வீனர், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாமல் விட்டால் அவர் பதவிக்கே ஆபத்து. அவர் இழுத்தடித்தால், பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் கையெழுத்திட்டு, என்ன பேச வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். 15 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்டியாக வேண்டும்.

‘மலையாளத்தில்தானே பேசுவார்கள்’ என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்வதும் உண்டு. அப்புறம் அவருடைய ஆட்கள் மட்டும் போய்க் கையெழுத்துப் போட, பட்டியல் முறைப்படி நிறைவேறியதாகிவிடும். போய்த் தமிழிலேயே கேளுங்கள். சொன்னது மினிட்ஸில் (கூட்ட நடவடிக்கைக் குறிப்பில்) ஏறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏற்கெனவே பட்டியல் முடிந்துவிட்டதா? சரி, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மினிட்ஸ் நகல், வருகைப் பதிவு, சபை கொடுத்த பட்டியல், கமிட்டி பாஸாக்கிய பட்டியல் நான்கையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இந்த மனுவை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள். மொழியைக் காரணம் காட்டித் திருப்ப முடியாது.

இரண்டு பட்டியலுக்கும் வித்தியாசம் இருந்தால், திருவனந்தபுரத்தில் உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கவென்றே இருக்கும் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தவரை அந்தப் பதவியில் வைக்கிறார்கள். பஞ்சாயத்துக்கு நஷ்டம் என்று தெரிந்தால் சம்பந்தப்பட்டவரிடமிருந்தே வசூலிக்க உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. காகிதம் கைக்கு வருமுன் மட்டும் புகார் அனுப்பாதீர்கள்.