ஷஃபிள் பட்டனை யாரு தூக்கினா?

கேள்வி: பாடகி அடேல் கேட்டாங்கன்னு ஸ்பாட்டிஃபை மியூசிக் ஆப்ல பாட்டைக் கலைச்சுப் போடுற ஷஃபிள் பட்டனையே தூக்கிட்டானாமே? மாசாமாசம் காசு கட்டுறது நான், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எதைக் கேக்கணும்னு சொல்ல அவங்க யாரு? இது திமிர் இல்லாம வேற என்ன சார்?

பதில்: பட்டனை யாரும் தூக்கல சாமி. 2021 நவம்பர் 19 அன்னிக்கு அடேலோட '30' ஆல்பம் ரிலீஸ் ஆச்சு, அதை ஒட்டி நடந்தது இவ்வளவுதான்: ஆல்பத்தைத் திறந்தா முன்னாடி நிக்கிற பெரிய பட்டன் அதுவரைக்கும் பாட்டைக் கலைச்சுப் போட்டு ஓட்டிட்டு இருந்துச்சு, அதை வரிசையா ஓடுற மாதிரி மாத்தினாங்க, அதுவும் உங்கள மாதிரி காசு கட்டுறவங்களுக்குத்தான். கலைச்சுத்தான் கேப்பேன்னு அடம் பிடிச்சா பாட்டு ஓடுற ஸ்கிரீன்ல அந்தப் பின்னிக்கிட்ட அம்புக்குறி அப்படியே இருக்கு, அமுக்கிக்கோங்க, அடேல் வந்து கையைப் பிடிக்க மாட்டாங்க. இண்டஸ்ட்ரி என்னென்னமோ மாறிட்டு இருக்கு, நான் கேட்டது இது ஒண்ணுதான்னு அடேலே சொன்னாங்க.

ஏன் கேட்டாங்கன்னு தெரியணும்னா மூணாவது பாட்டுக்குப் போங்க, 'மை லிட்டில் லவ்'. டைவர்ஸ் ஆன அடேல் தன்னோட சின்னப் பையன்கிட்ட பேசுறது பாட்டுக்கு நடுநடுவுல வரும், நிஜமாவே ரெக்கார்ட் பண்ண பேச்சு, கடைசில பையன் குரல் இல்ல, அவங்க மட்டும் தனியா போன்ல பேசி அழுறாங்க, மூக்கை உறிஞ்சுறது வரைக்கும் கேக்கும். இப்போ ஷஃபிள் போடுங்க. அடுத்து 'கேன் ஐ கெட் இட்' வந்து நின்னா என்ன ஆகும்? அழுதுட்டு இருக்கிற ஆள் காதுக்குள்ள வந்து விசில் அடிச்ச மாதிரி இருக்கும், ஏன்னா அந்தப் பாட்டுல நெசமாவே விசில்தான். 11-வதா வர்ற 'டு பி லவ்ட்' இன்னொண்ணு. வெறும் பியானோ, ஆறரை நிமிஷத்துக்கு மேல ஒரு குரல், தொண்டை கிழியப் போகுதோன்னு பயமா இருக்கும். பத்து பாட்டைத் தாண்டி வந்தா உலுக்கிடும், அதையே மொதப் பாட்டா கேட்டீங்கன்னா 'ஏன் இந்தம்மா இப்படிக் கத்துது'ன்னு தோணும், உங்க மேல தப்பே இல்ல.

கேசட் காலத்துல ஏ சைடு முடிஞ்சாத்தான் பி சைடு, அப்போ யாரும் திமிர்னு லெட்டர் போட்டதா ஞாபகம் இல்ல.

திட்டியே ஆகணும்னா 2015-ஐ எடுத்துக்கோங்க. அவங்களோட முந்தின ஆல்பம் '25' வந்தப்போ ஸ்ட்ரீமிங்ல விடவே இல்ல, சிடி வாங்கு இல்ல டவுன்லோட் பண்ணுன்னு ஏழு மாசம் உக்காரவெச்சாங்க, அமெரிக்காவுல மட்டும் மொத வாரத்துல 33 லட்சம் காப்பிக்கு மேல போச்சு, என்சிங்க்னு ஒரு பாய் பேண்ட் 2000-ல வெச்சிருந்த 24 லட்சம் ரெக்கார்டு காலி. அது சுத்தமான வியாபாரம், கையில இருக்கிற சரக்கோட மதிப்பு தெரிஞ்சு பண்ணது. அதுக்குக் கேள்வி அனுப்பியிருந்தா நான் உங்க பக்கம் நின்னுருப்பேன். வரிசையில அப்படி என்ன லாபம் சொல்லுங்க? ஒரு பாட்டு 30 செகண்ட் ஓடினா ஒரு தடவை கேட்டதா கணக்கு, கலைச்சுக் கேட்டாலும் அதே கணக்குதான்.

மொத்தமே 58 நிமிஷம். ஒரு தடவை அந்தப் பெரிய பட்டனை அமுக்கிட்டு போனைக் கவுத்து வெச்சுடுங்க. அப்புறமும் திமிர்னு தோணுச்சுன்னா எழுதுங்க, வெட்டாம போடுறேன்.