1986 'தி ஃப்ளை' ரீமேக்கையே போடுங்கள்

குன்னூர் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி படம் போடுகிறீர்கள், 1958-இல் வந்த 'தி ஃப்ளை' திகில் படத்தை ரசித்த மாமனாரும் வருகிறார், 1986 ரீமேக் வெறும் அருவருப்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லவே இல்லை, தைரியமாகப் போடுங்கள். பழையதில், பொருளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கருவிக்குள் விஞ்ஞானியோடு ஓர் ஈயும் புகுந்துவிட, அவர் தலையும் கையும் ஈயோடு ஒரே நொடியில் இடம் மாறிவிடும், முகத்தை மூடிய துணி விலகும்போதுதான் நமக்குத் தெரியும். ரீமேக்கின் இயக்குநர் டேவிட் குரோனன்பெர்க் அதை மரபணுக் கலப்பாக்கி, மெதுவாக ஏறும் நோயாக மாற்றிவிட்டார். முதலில் காபியில் ஸ்பூன் ஸ்பூனாகச் சர்க்கரை, அப்புறம் முதுகில் முரட்டு முடி, பிறகு குளியலறைக் கண்ணாடி முன்னால் நகம் தானாகக் கழன்று வருவது, இப்படி அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைவதைக் காதலி பார்க்க வேண்டியிருக்கிறது, அதனால் பயத்தைவிடத் துக்கம்தான் நெஞ்சை அடைக்கிறது. ஒப்பனைக்கு ஆஸ்கர் வாங்கிய படம், ஆனால் விஞ்ஞானியாக நடித்த ஜெஃப் கோல்ட்ப்ளம் அந்த ஒப்பனைக்குள்ளிருந்தும் மனிதனாகவே தெரிகிறார், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

சாப்பாட்டை முன்னாடியே முடித்துவிடுங்கள். குழந்தைகள் வேண்டாம். கனவில் வரும் பிரசவக் காட்சி ரொம்பக் கொடூரம், கர்ப்பிணிகள் யாராவது வந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான், கோத்தகிரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பனிமூட்டம் இறுகும் முன் கிளம்ப வேண்டுமென்றால் ஆறு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள்.